தீர்ப்பு முடிந்த பிறகு பூசை எதற்கு?

3 நவம்பர் 2025

கத்தோலிக்கத் திருச்சபையில் இறந்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது பற்றி ஒரு வாசகர் கேட்கிறார்: "ஒருவர் இறந்த உடனே கடவுள் அவருக்குத் தனித்தீர்ப்பு கொடுத்துவிடுகிறார் என்கிறீர்கள். விண்ணகம் போனவருக்கு நம் செபம் தேவையில்லை. நரகம் போனவருக்குப் பயனில்லை. அப்புறம் எதற்கு ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு என்று பூசைமேல் பூசை? காணிக்கைக்காகத்தானே?"

நியாயமான கேள்விதான், கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாவது நிலை ஒன்றை அவர் விட்டுவிட்டார். கடவுளோடு நல்லுறவில் இறந்தவர், ஆனால் இன்னும் முழுக்கத் தூய்மையாகாதவர். உத்தரிக்கிற ஸ்தலம் என்று நாம் சொல்லிப் பழகியது இவர்கள் நிலையைத்தான். அங்கே இருக்கிற எல்லோருக்கும் தீர்ப்பு முடிந்துவிட்டது, அதுவும் சாதகமாக. அவர்களில் ஒருவர்கூட நரகத்துக்குப் போகப்போவதில்லை. ஆகவே தீர்ப்பை மாற்றச் சொல்லி நாம் செபிப்பதில்லை.

இந்த விஷயத்தில் திருச்சபை கட்டாயம் நம்பச் சொல்வது ரொம்பக் கொஞ்சம். 1563 டிசம்பரில், ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் தன் ஆணையில் சொன்னது இரண்டே இரண்டு. அப்படி ஒரு நிலை இருக்கிறது. அங்கிருப்பவர்களுக்கு நம் செபங்களும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பீடத்தில் ஒப்புக்கொடுக்கும் பலியும் உதவுகின்றன. எவ்வளவு சூடு, எத்தனை வருடம் என்றெல்லாம் அதில் ஒன்றும் கிடையாது. காணிக்கையைப் பற்றிக் கேட்டவர் அதே ஆணையை இன்னும் நாலு வரி படிக்க வேண்டும். வீண் ஆர்வத்தைக் கிளறுவது, மூடநம்பிக்கை, கேவலமான ஆதாயத்தின் வாடை அடிப்பது, இவற்றை ஆயர்கள் தடுக்க வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. பலன்களைக் காசுக்கு விற்கிறார்கள் என்று 1517 இல் மார்ட்டின் லூத்தர் கிளப்பிய புகாரின் சூடு அதில் தெரிகிறது.

3 நவம்பர், இரவு

"பைபிளில் எங்கே?" என்று உடனே வந்துவிட்டது.

2 மக்கபேயர் 12. போரில் விழுந்தவர்களை அடக்கம் செய்யப் போனால், ஒவ்வொருவன் உடைக்கு அடியிலும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து. யூதர்களின் படைத்தலைவர் யூதா மக்கபே அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. ஏறக்குறைய 2000 வெள்ளிக்காசு திரட்டி, பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார். சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளின் பைபிளில் இந்தப் புத்தகம் இல்லை என்பதால் வாதம் இங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் இதை வைத்து நான் யாரிடமும் மல்லுக்கு நிற்பதில்லை.

எனக்குப் பிடித்த சாட்சி வேறு. 203 இல் கார்த்தேஜில் வேதசாட்சியாக இறந்த பெர்பெத்துவா சிறையில் இருந்தபோது விட்டுச்சென்ற குறிப்பு. ஏழு வயதில் முகத்தில் புற்று வந்து இறந்துபோன தம்பி தினோகிராத்தேஸ் அவள் காட்சியில் வருகிறான். அழுக்கு உடை, தாகம். எதிரே தண்ணீர்த் தொட்டி. அதன் விளிம்பு அவனுக்கு எட்டவில்லை. அக்கா இரவும் பகலும் அழுது செபிக்கிறாள். அடுத்த காட்சியில் தொட்டியின் விளிம்பு அவன் இடுப்பளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. வயிறாரக் குடித்துவிட்டு, சின்னப்பிள்ளைகள் மாதிரி விளையாடப் போகிறான். திரெந்துக்கு 1300 வருடத்துக்கு மேல் முந்திய சங்கதி இது.

4 நவம்பர்

இடையில் ஒருவர்: "ஞாயிற்றுக்கிழமை சாமியார் ஏன் ஊதா போட்டார்?" இந்த வருடம் நவம்பர் 2 ஞாயிற்றில் விழுந்தது. இறந்தோர் நினைவு நாள் அப்போது ஞாயிறு வழிபாட்டுக்குப் பதிலாகவே வரும், அதற்குரிய ஊதா உடுப்போடு. இந்த நினைவு நாளைத் தொடங்கியவர் பிரான்சின் குளூனி மடத்து ஆதீனர் ஒடிலோ, 998 வாக்கில், தன் கீழிருந்த மடங்களுக்கு மட்டும். அப்புறம் அது மெல்ல மெல்ல எல்லா இடத்துக்கும் போனது.

6 நவம்பர்

காணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். நழுவுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒன்று, நடப்பது இன்னொன்று. சட்டம் தெளிவு. திருச்சபைச் சட்டம் 947: பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது. 948: தனித்தனியாகக் காணிக்கை வாங்கினால் தனித்தனிப் பூசை. 945: வசதியில்லாதவர் கேட்டால் காணிக்கை இல்லாமலே அவர் கருத்துக்காக, அதாவது அவர் வேண்டிக்கொள்ளும் காரியத்துக்காக, பூசை செய்யும்படி குருக்களை அது உருக்கமாகக் கேட்டுக்கொள்கிறது. பல கருத்துகளை ஒரே பூசையில் சேர்ப்பதற்கு 1991 இல் ஓர் ஆணை வரம்பு கட்டியது. கொடுப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது. இந்த ஏப்ரலில் அதைப் புதுப்பித்து இன்னோர் ஆணை வந்திருக்கிறது. கொடுப்பவரின் சம்மதம் இல்லாமல் சேர்க்கவே கூடாது என்பதை அது மறுபடி அடித்துச் சொல்கிறது.

நடப்பது? அப்பாவின் முதலாண்டு நினைவுக்கு ஒரு பங்குக் கோவிலில் பூசை கேட்டிருந்தோம். பூசை தொடங்கும் முன் ஒருவர் மைக்கில் பெயர்ப் பட்டியலை ஒரே மூச்சில் வாசித்தார். அப்பா பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். வேறு யாரோ ஒருவர் ஆகிவிட்டார் அப்பா. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுளுக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும். எனக்குத்தான் பூசை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. கேட்டவரின் எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இது இறந்தோருக்கான செபத்தின் குற்றம் இல்லை. செபத்தைக் கையாண்ட விதத்தின் குற்றம்.

6 நவம்பர், சற்று கழித்து

அம்மாவைப் பற்றி எழுதியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அந்த எழுத்துப்பிழை பெரிதாகப் படவில்லை. அவள் கவலை வேறு: "போதுமா?" இத்தனை பூசை கொடுத்தாச்சு, இத்தனை செபமாலை சொல்லியாச்சு, போதுமா? பக்கத்து வீட்டில் இதைவிட அதிகம் கொடுத்தார்களாமே? அண்ணன் கணக்குப் பிள்ளை மாதிரி பதில் சொல்வான், இதுவரை இவ்வளவு, இன்னும் இவ்வளவு என்று. எனக்கு எரிச்சலாக வரும். திருச்சபை போடாத கணக்கை நாமே போட்டு, அதில் நாமே கடனாளி ஆகிறோம்.

7 நவம்பர்

ஏழு, முப்பது எங்கிருந்து வந்தன?

பழைய ஏற்பாட்டில் யோசேப்பு தன் தந்தைக்கு ஏழு நாள் துக்கம் காத்தார். ஆரோனுக்கும் மோசேக்கும் மக்கள் முப்பது நாள் அழுதார்கள். 395 இல் பேரரசர் தெயதோசியு இறந்து நாற்பதாம் நாளில் மிலான் ஆயர் அம்புரோசியார் உரையாற்றும்போது, சிலர் மூன்றாம் நாளும் முப்பதாம் நாளும் வைக்கிறார்கள், சிலர் ஏழாம் நாளும் நாற்பதாம் நாளும் வைக்கிறார்கள் என்கிறார். அன்றைக்கே ஆளுக்கொரு வழக்கம். ஆக, ஏழாம் நாளைத் தவறவிட்டு எட்டாம் நாள் பூசை வைத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

"கிரகோரியார் பூசை முப்பதும் இடைவிடாமல் நடக்க வேண்டுமாமே, பதினேழாம் நாள் சாமியாருக்குக் காய்ச்சல் வந்தால்?" என்று ஒரு குறும்பர். பதில் இருக்கிறது! முப்பதையும் ஒரே குரு செய்ய வேண்டும் என்றில்லை. எதிர்பாராத தடை வந்து இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பலன் கெடாது, விட்டதைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று 1967 இல் விளக்கமே கொடுத்திருக்கிறார்கள். கதை தெரியாதவர்களுக்கு: பின்னால் திருத்தந்தையான பெரிய கிரகோரியார் ரோமில் தன் மடத்தில் இருந்த யுஸ்துஸ் என்ற துறவி மூன்று பொற்காசு ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். மடத்தில் யாருக்கும் சொந்தக் காசு கூடாது. இறந்தவரைக் காசோடு சேர்த்துத் தனியே புதைக்கச் சொன்னார். பிறகு மனம் இளகி, முப்பது நாள் தொடர்ந்து அவருக்காகப் பலி ஒப்புக்கொடுக்கச் சொன்னார். கடைசியில் யுஸ்துஸ் தன் சகோதரருக்குத் தோன்றி, இப்போது நலமாக இருக்கிறேன் என்றாராம். கண்டிப்பான தலைவருக்கு மனது கேட்காமல் போனதுதான் இதில் எனக்குப் பிடித்தது. எண்ணிக்கை இல்லை.

8 நவம்பர்

இன்று கடைசி நாள் என்பதால் சுருக்கமாக. நவம்பர் 1 முதல் 8 வரை, கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தோருக்காக, மனதுக்குள்ளாவது, செபித்தால் ஒவ்வொரு நாளும் ஒரு நிறைபேறுபலன், அதாவது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனை முழுதும் நீங்கும் பலன். இதை இறந்தோருக்கு மட்டுமே கொடுக்கலாம். நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் இரண்டும் ஒவ்வொரு பலனுக்கும் வேண்டும். பாவசங்கீர்த்தனம் ஒன்றே பல நாளுக்குப் போதும். இவை போக, எந்தப் பாவத்தின்மேலும், சின்னப் பாவத்தின்மேலும்கூட, ஒட்டுதல் இருக்கக் கூடாது. மற்றதையெல்லாம் மளமளவென்று முடித்துவிடுகிறோம், இந்த ஒன்றைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கடைசி நிபந்தனை குறைந்துபோனால் பலன் முழுசாக இல்லாமல் பகுதியாகக் கிடைக்கும். சரி, அதுவும் பலன்தான்.

11 நவம்பர்

அடக்கப் பூசையில் இறந்தவரைப் புகழ்ந்து பேச விடவில்லை என்று ஒரு சகோதரி வருத்தப்படுகிறார். "அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசக்கூட உரிமை இல்லையா?"

இருக்கிறது, மறையுரை நேரத்தில் இல்லை. பூசை நூலின் பொது விதி 382: அடக்கப் பூசையில் வழக்கமாகச் சுருக்கமான மறையுரை இருக்க வேண்டும், எந்த வகைப் புகழுரையும் கூடாது. நன்றி மன்றாட்டு முடிந்து, இறுதி வழியனுப்பும் சடங்குக்கு முன் குடும்பத்தில் ஒருவர் சில வார்த்தை பேசலாம்.

பாடகர் குழுவில் இருந்து நிறைய அடக்கப் பூசைகளில் பாடியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொன்னால், விதி நல்ல விதி. ஒருமுறை உறவினர் ஒருவர் மைக்கைப் பிடித்து, இறந்தவர் யார் யாரைத் தூக்கிவிட்டார், யார் நன்றி மறந்தார் என்று ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். "அவர் நேரே மோட்சம் போயிட்டார்" என்ற பேச்சும் அப்படித்தான். போயிருந்தால் ரொம்பச் சந்தோஷம். போய்விட்டார் என்று நாம் முடிவு கட்டிவிட்டால் அவருக்காகச் செபிக்க யார் மிச்சம்? புகழ்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர் பங்குச் செபத்தை நிறுத்திவிடுகிறோம்.

என்னைக் கேட்டால் பேச்சே தேவையில்லை. வாசலில் பெட்டிமேல் தீர்த்தம் தெளிக்கிறார்கள்; அது ஞானஸ்நானத் தண்ணீரின் நினைவு. பெட்டிக்குப் பக்கத்தில் எரிவது கிறிஸ்துவின் உயிர்ப்பைக் குறிக்கும் பாஸ்கா திரி. கடைசியில் சாமியார் தூபக்கலசத்தோடு பெட்டியைச் சுற்றி வருவார். சங்கிலி கலசத்தில் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். நாங்கள் பாட்டை எடுக்க அவர் கை நிற்பதற்காகக் காத்திருப்போம். தூபம் பீடத்துக்குக் காட்டுவது, நற்கருணைக்குக் காட்டுவது. அதையே கடன்பட்டு இறந்த ஒருவர் உடலுக்கும், எல்லோரிடமும் சண்டை போட்டு இறந்த ஒருவர் உடலுக்கும் காட்டுகிறார்கள், அது தூய ஆவி குடியிருந்த கோயில் என்பதால். பெட்டி வெளியே போகும்போது பழைய இலத்தீன் பாட்டு ஒன்று உண்டு. வானதூதர்கள் உன்னைப் பரதீசுக்கு அழைத்துப் போகட்டும், முன்பு ஏழையாயிருந்த லாசரோடு உனக்கு நித்திய இளைப்பாற்றி கிடைக்கட்டும் என்று முடியும். எவ்வளவு பெரிய பணக்காரரின் பெட்டியானாலும் அதே ஏழை லாசர்தான்.

12 நவம்பர்

"கறுப்பு உடுப்பும் தியேஸ் ஈரேயும் போனதோடு பயபக்தியும் போச்சு" என்று பெரியவர் ஒருவர். கறுப்பு போகவில்லை ஐயா. வழக்கம் உள்ள இடங்களில் இன்றும் போடலாம், ஊதாவும் வெள்ளையும் போல. இறுதித் தீர்ப்பு நாளைப் பாடும் இலத்தீன் பாட்டான தியேஸ் ஈரேயை 1969 சீர்திருத்தம் அடக்கப் பூசையிலிருந்து எடுத்தது உண்மை. குருக்களும் துறவிகளும் தினமும் சொல்லும் திருப்புகழ் மாலையில் ஆண்டின் பொதுக்காலக் கடைசி வாரத்துக்கு அது இன்னும் இருக்கிறது. எனக்கு அதுவும் வேண்டும், அல்லேலூயாவும் வேண்டும். அல்லேலூயா மட்டுமே பாடினால், போனவருக்கு நம் செபம் எதற்கு என்ற முதல் நாள் கேள்வி தானாகவே வந்துவிடுகிறது.

14 நவம்பர்

எரியூட்டுவது பற்றிப் பலர். 1886 இல் ரோம் தடை செய்தது. அப்போது ஐரோப்பாவில் உயிர்ப்பை மறுப்பதற்கென்றே உடலை எரித்தவர்கள் இருந்தார்கள். 1963 இல் தடை தளர்ந்தது. இப்போதைய சட்டம் 1176: அடக்கம் செய்வதையே திருச்சபை பரிந்துரைக்கிறது, கிறிஸ்தவப் போதனைக்கு எதிரான காரணத்துக்காக இல்லையென்றால் எரிப்பதைத் தடுப்பதில்லை. சாம்பலைப் பற்றி 2016 இல் விளக்கம் வந்தது. தூவக் கூடாது, பங்கு போடக் கூடாது, வீட்டில் வைக்கக் கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் இரண்டு சின்னத் தளர்வு: பலருடைய சாம்பலையும் பொதுவான ஒரு புனித இடத்தில் சேர்க்கலாம், ஒவ்வொருவர் பெயரும் அங்கே இருக்க வேண்டும்; இறந்தவரின் வாழ்வோடு தொடர்புள்ள இடத்தில் மிகச் சிறு பகுதியை வைப்பதைத் திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம்.

அம்மாவின் சாம்பல் அலமாரியில் இருக்கிறது, பிரிய மனமில்லை என்று எழுதியவருக்கு: யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. ஆனால் உங்களுக்குப் பிறகு, உங்கள் பிள்ளைகளுக்கும் பிறகு, அந்த அலமாரியைத் திறப்பவருக்கு அவர் யாரென்று தெரியாது. கல்லறையில் பெயர் இருக்கும், போகிறவர் வருகிறவர் ஒரு செபம் சொல்லிவிட்டுப் போவார்.

16 நவம்பர்

தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கப் பூசை உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு.

1917 சட்டத் தொகுப்பு, அறிந்தே செய்துகொண்டவருக்கு மறுத்தது. 1983 தொகுப்பின் 1184 இல் அந்த வரி இல்லை. கடுமையான மனநோயும் வேதனையும் பயமும் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்கள் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுள் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் மனம்திரும்ப வாய்ப்புத் தரமுடியும் என்றும் மறைக்கல்வி நூல் 2282, 2283 எண்களில் சொல்கிறது. திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றே அந்தப் பத்தி முடிகிறது.

என் சிநேகிதன் ஒருவனை இப்படி இழந்தோம். அவன் அடக்கப் பூசைக்குப் பாட ஆள் வருவார்களா என்று அவன் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். குழு மொத்தமும் வந்தது. அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஞானஸ்நானம் கொடுக்கும் முன் இறந்த குழந்தை பற்றிக் கேட்டவருக்கும் சேர்த்து: பெற்றோர் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம், சட்டம் 1183. இப்படிப்பட்ட குழந்தைகள் போவதாகச் சொல்லப்பட்ட லிம்போ என்ற தனி நிலையை நம்பியே ஆகவேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் அறிக்கையிட்டதில்லை. 2007 இல் பன்னாட்டு இறையியல் குழு, அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்கக் காரணம் இருக்கிறது என்று எழுதியது.

17 நவம்பர்

கொஞ்சம் இலேசான விஷயம். "உயிர்ப்பு வாரத்தில் அடக்கப் பூசை கூடாது என்றார்களே, திருத்தந்தை பிரான்சிசுக்கு மட்டும் எப்படி?" கூடாத நாட்கள் கடன் திருநாட்கள் (கட்டாயம் பூசை காண வேண்டிய பெருவிழாக்கள்), பெரிய வியாழன், பாஸ்கா முப்பெரும் நாட்கள், அப்புறம் திருவருகை, தவக்கால, பாஸ்கா கால ஞாயிறுகள். அவர் அடக்கம் 2025 ஏப்ரல் 26, சனிக்கிழமை. விதிக்குள்தான் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டி வைக்கும் பழைய வழக்கத்தை 2024 லேயே அவர் எடுத்துவிட்டார். துத்தநாகத் தகடு பதித்த ஒரு மரப்பெட்டி மட்டும். கல்லறையில் பிரான்சிஸ்குஸ் என்ற ஒற்றைச் சொல். அவர் ஆன்மாவுக்காக ஒன்பது நாள் பூசை நடந்தது. திருத்தந்தைக்கே ஒன்பது நாள் தேவைப்படுகிறது, நம் சித்தப்பா நேரே மோட்சமாம்!

ரோமில் உத்தரிக்கிற ஆன்மாக்களின் கைரேகை எரிந்து பதிந்த புத்தகங்களை வைத்த சின்ன அருங்காட்சியகம் ஒன்று உண்டு. நம்புகிறேனா என்று கேட்டால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். திரெந்து சொன்ன "வீண் ஆர்வம்" ஞாபகம் வரும்.

22 நவம்பர்

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், தொனி மாறியிருக்கிறது. "சரி, செபிக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். எப்போது நிறுத்துவது? என் பாட்டியின் பழைய செபப் புத்தகத்தில் 300 நாள் பலன், 7 வருடப் பலன் என்று போட்டிருக்கிறதே, அதைக் கூட்டினால் தாத்தா எப்போதோ வெளியே வந்திருக்க வேண்டும்."

அந்த 300 நாள் உத்தரிக்கிற ஸ்தலத்து நாள் இல்லை. ஆதிகாலத்தில் ஒருவர் 300 நாள் வெளிப்படையாகத் தவம் செய்தால் கிடைக்கும் பலனுக்கு ஈடானது என்று அர்த்தம். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் ஆறாம் பவுல் 1967 இல் நாள் கணக்கையே எடுத்துவிட்டார். பதினாறாம் பெனடிக்ட் 2007 இல் எழுதிய எதிர்நோக்கு பற்றிய சுற்றுமடலில், அந்தத் தூய்மைப்படுத்தல் கிறிஸ்துவைச் சந்திப்பதில் நிகழ்கிறது, அதன் நேரத்தை இந்த உலகத்து நேரத்தால் அளக்க முடியாது என்கிறார். ஆகவே இன்னொருவருக்காகச் செபிக்க ஒருபோதும் காலம் கடந்துவிடுவதில்லை என்றும் சொல்கிறார்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு என்னிடம் உள்ள பதில் அகுஸ்தீனார். 387 இல் ஒஸ்தியாவில் அவர் அம்மா மோனிக்கா சாகும்போது, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு, அவர் ஆயராக இருந்துகொண்டு கடவுளைப் பார்த்து எழுதுகிறார்: நான் கேட்பதை நீர் ஏற்கெனவே செய்துவிட்டீர் என்று நம்புகிறேன், ஆனாலும் என் வாயின் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும். அதோடு விடவில்லை. தன் புத்தகத்தைப் படிக்கிறவர்கள் எல்லோரும் மோனிக்காவையும் தன் அப்பா பத்ரீசியுவையும் பீடத்தில் நினைக்க வேண்டும் என்று வேண்டுகோள் வேறு. கிடைத்துவிட்டது என்று நம்பியும் கேட்கிறார். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "அப்ப போதுமான்னு கேக்கக் கூடாதா?" என்றாள். கேட்கலாம்மா, கணக்கு மட்டும் வேண்டாம் என்றேன். அண்ணனிடமும் சொல்லச் சொன்னாள்.

24 நவம்பர்

கடைசியாக ஒருவர்: கத்தோலிக்கர் அல்லாத நண்பருக்குப் பூசை கொடுக்கலாமா? தாராளமாக. சட்டம் 901: உயிரோடிருப்பவரோ இறந்தவரோ, யாருக்காக வேண்டுமானாலும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம். பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வாசிப்பவர் ஓர் எழுத்தை விழுங்கினாலும் பூசை அவருக்குத்தான்.